வங்கிக் கணக்கும் குடும்பக் கணக்கும்

சிக்கனமும் பரஸ்பர உதவியும் கூட்டுறவின் இரு கண்கள் என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் தமிழகத்தின் முதல் கடன் சங்கம் பதிவு பெற்றது. குடியானவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுப்பது அவ்வியக்கத்தின் பாதி வேலையே. கடன் வாங்க வேண்டிய அவசியத்தை நாளடைவில் குறைப்பது மற்றொரு பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

அக்காலத்தில் கூலி கையில் வந்தது. மடியில் முடிந்த பணம் குறையக் குறையக் கை அதை உணர்ந்தது. செலவும் தானே சுருங்கியது. இன்றோ சங்கத்துக் கூலியும், தேங்காய் வியாபாரி தரும் பணமும், அரசின் உதவித் தொகையும் வங்கிக் கணக்கிலேயே சேர்கின்றன. தேநீர்க் கடையிலும் காய்கறிக் கடையிலும் கைப்பேசியைக் காட்டினால் பணம் கைமாறுகிறது. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பை கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத பையை ஆள்வதற்கு இரண்டு சாதனங்கள் வேண்டும்: நமக்குப் பொருந்திய கணக்கு ஒன்று, நாமே எழுதும் வரவு செலவுத் திட்டம் மற்றொன்று.

1. முதலில் நம் வரவை அறிவோம்

மாதச் சம்பளக்காரருக்கென வகுத்த யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள நம்மால் இயலாது. சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் பக்கத்து நெசவாளருக்கு வரவு வாரக் கணக்கில் வருகிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கத்து விவசாயிக்கோ தென்னை நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டும், இலவம் ஆண்டுக்கு ஒரு பறிப்பும் தருகின்றன. ஆகவே வரவை ஆண்டுக் கணக்காகப் பார்ப்பதே நமக்குரிய முறை.

ஓர் உதாரணம் காண்போம். கணவனும் மனைவியும் தறியில் உழைத்து வாரம் 3,500 ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். வாரம் நான்கு, ஆகவே மாதம் 14,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு, அந்த அளவுக்கே அவர்கள் செலவு செய்கிறார்கள். ஆண்டுச் செலவு 1,68,000 ரூபாய் ஆகிறது. ஆனால் மழைநாளில் பாவு காய்வதில்லை. திருவிழா உண்டு, நோய் நொடி உண்டு, நூல் வரத் தாமதமும் உண்டு. ஆண்டின் 52 வாரங்களில் 46 வாரங்களே கூலி வந்தால் மொத்த வரவு 1,61,000 ரூபாய்தான். குறைவது 7,000 ரூபாய். இக்குடும்பம் ஊதாரிக் குடும்பமன்று. மது, சூது எதுவும் அங்கே இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் 7,000 ரூபாய் கடன் ஏறுகிறது. காரணம், வராத வாரங்களை அவர்கள் எண்ணாததே. 1,61,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 13,400 ரூபாய் வருகிறது. அதுவே அவர்களுடைய உண்மையான மாத வரவு.

இனி விவசாயியின் கணக்கு. இலவங்காயில் 60,000 ரூபாயும், தேங்காய் எட்டு வெட்டுகளில் வெட்டுக்கு 9,000 வீதம் 72,000 ரூபாயும் வருவதாகக் கொண்டால் மொத்தம் 1,32,000 ரூபாய். உரம், பறிகூலி, நீர்ப்பாய்ச்சல் முதலியவற்றுக்கு 36,000 ரூபாய் ஒதுக்கினால் எஞ்சுவது 96,000 ரூபாய். மாதத்துக்கு 8,000 ரூபாய். சித்திரையில் 60,000 ரூபாய் ஒருசேரக் கணக்கில் ஏறும்போது அது பெரும் செல்வமாகத் தோன்றும். உண்மையில் அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் சோறும் சேர்ந்த தொகையாகும்.

இத்தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் தொகையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2. கணக்குகளின் வகை

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு: ரிசர்வ் வங்கி 2012-இல் வகுத்த முறைப்படி எல்லா வங்கிகளும் இக்கணக்கைத் தருகின்றன. குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, மாதம் நான்கு முறையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், ஏ.டி.எம். அட்டைக்கும் கட்டணமில்லை. 2014 ஆகஸ்டு 28-இல் தொடங்கிய ஜன்தன் திட்டக் கணக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் இக்கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முழு அடையாளச் சான்றுகள் இன்றித் தொடங்கிய கணக்கு ‘சிறு கணக்கு’ எனப்படும். அதில் இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஆண்டு வரவு ஒரு லட்சத்தையும், மாதம் எடுக்கும் தொகை 10,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மேலே கண்ட விவசாயியின் இலவங்காய்ப் பணம் இக்கணக்கில் அடங்காது. ஆதலால் பறிப்புக் காலத்துக்கு முன்னரே வங்கிக்குச் சென்று சான்றுகளைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்வது அவசியம்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கு: இதில் பல வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு வேண்டும் என்றும், குறைந்தால் அபராதம் என்றும் விதிக்கின்றன. பாரத ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-இலும் இந்த அபராதத்தை நீக்கின. எனினும் கணக்குத் தொடங்கும் நாளில் விதியைக் கேட்டு அறிவதே முறை.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு: 500 ரூபாய் இருப்பு வேண்டும். கிராமத்து அஞ்சலகம் அருகில் இருப்பது இதன் பலம்.

பேமெண்ட்ஸ் வங்கி: கைப்பேசி வழியே பெரிதும் நடைபெறும் வங்கி இது. 2018 செப்டம்பர் 1-இல் தொடங்கிய இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி இவ்வகையினது. நாள் முடிவில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் இதில் வைக்க இயலாது. இது கடனும் தராது. இவ்வகையைச் சேர்ந்த பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி, ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2024 மார்ச் 15-க்குப் பிறகு புதிய வரவு எதையும் ஏற்க இயலாமற் போயிற்று. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அவசரமாக வேறு கணக்குத் தேட வேண்டியதாயிற்று. ஒரே வாசல் உள்ள வீடு ஆபத்துக்கு உதவாது என்பதற்கு இது சான்று.

கூட்டுறவு மத்திய வங்கியும் நம் சங்கமும்: இங்கே ஒரு வேற்றுமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வணிக வங்கிகளிலும், மாநில, மாவட்ட மத்திய, நகரக் கூட்டுறவு வங்கிகளிலும் ஒருவர் வைக்கும் வைப்புக்கு, ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4-க்கு முன் இது ஒரு லட்சமாக இருந்தது. ஆனால் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கும் பணத்துக்கு இக்காப்பீடு இல்லை. இதனால் சங்கத்தில் வைக்கக் கூடாது என்பது பொருளன்று. சங்கத்தின் பாதுகாப்பு அங்கத்தினரின் விழிப்பில் இருக்கிறது என்பதே பொருள். பொதுப் பேரவைக்கு வந்து, தணிக்கை அறிக்கையைக் கேட்டு, வாராக்கடன் எவ்வளவு என்று வினவும் அங்கத்தினரே அங்கே காப்பீடாவார்.

3. வட்டியா, வசதியா?

அதிக வட்டி என்ற விளம்பரத்தைக் கண்டு கணக்கை மாற்றுவோர் உளர். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் பாரத ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி ஆண்டுக்கு 2.5 சதவீதம், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி 4 சதவீதம். ஆண்டு முழுவதும் 20,000 ரூபாய் இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 300 ரூபாய்தான். பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் தேனிக்குப் பேருந்து ஏறி, அரை நாள் வேலையையும் இழந்தால் அந்த 300 ரூபாய் நிற்காது. அன்றாடச் செலவுக் கணக்குக்கு அருகாமையும் கட்டணமின்மையுமே முக்கியம். நீண்ட நாள் சேமிப்புக்கே வட்டியைப் பார்க்க வேண்டும்.

கணக்குத் தொடங்கும்முன் வங்கியில் கேட்க வேண்டிய வினாக்கள் ஆறு. குறைந்தபட்ச இருப்பு உண்டா, குறைந்தால் அபராதம் எவ்வளவு? அட்டைக்கும் குறுஞ்செய்திக்கும் கட்டணம் உண்டா? மாதம் எத்தனை முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம்? பாஸ்புத்தகம் பதிய அருகில் இடம் எது? செயலி தமிழில் இயங்குமா? அட்டையோ கைப்பேசியோ தொலைந்தால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும்? இவற்றுக்கு விடை பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். வாரிசு நியமனத்தையும் அன்றே எழுதிவிடுவது நலம். 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம்.

மற்றொரு எச்சரிக்கை. அரசின் உதவித் தொகைகள் பல, ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே செல்லும். புதுக் கணக்குத் தொடங்கும்போது அதையே உதவித் தொகைக்கு இணைக்குமாறு ஒப்புதல் கையெழுத்திட்டால், விவசாயிக்கு வரும் பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் பழைய கணக்கில் வராமல் புதிதில் போய்ச் சேரும். பணம் காணவில்லை என்று அலைபவர்களில் சிலருக்கு அது வேறு கணக்கிலே உறங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கணக்கை இணைக்கிறோம் என்பதைத் தெரிந்தே இணைக்க வேண்டும்.

4. களஞ்சியமும் அடுக்களையும்

விளைந்த தானியம் முழுவதையும் எந்த இல்லத்தரசியும் அடுக்களையில் கொட்டி வைப்பதில்லை. குதிரில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் அளந்து எடுக்கிறாள். பணத்துக்கும் அதுவே முறை. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது நன்று.

முதலாவது களஞ்சியக் கணக்கு. கூலி, விளைச்சல் பணம், உதவித் தொகை யாவும் இதில் சேரட்டும். இதைக் கைப்பேசிப் பணச் செயலி எதனோடும் இணைக்க வேண்டாம். இரண்டாவது அடுக்களைக் கணக்கு. மாதம் முதல் தேதியில், மேலே கண்டவாறு வகுத்த மாத வரவை மட்டும் களஞ்சியத்திலிருந்து இதற்கு மாற்ற வேண்டும். இவ்வாறு மாதந்தோறும் மாற்றும்படி வங்கிக்கு நிலையான உத்தரவு எழுதிக் கொடுக்கவும் செய்யலாம். 2016-இல் அறிமுகமான யூ.பி.ஐ. முறையை இந்த இரண்டாவது கணக்கோடு மட்டுமே இணைக்க வேண்டும். பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘யூ.பி.ஐ. 123 பே’ என்னும் வழி உண்டு.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. அடுக்களைக் கணக்கில் இருப்புக் குறைவது கண்ணுக்குத் தெரியும்; மடியில் முடிந்த பணம் செய்த வேலையை அது செய்யும். அடுத்து, வஞ்சகர் எவரேனும் அக்கணக்கில் கை வைத்தாலும் போவது அம்மாதத்து மிச்சமே தவிர, ஆண்டின் விளைச்சல் அன்று.

களஞ்சியத்திலும் முதற்பங்கு சேமிப்புக்கே உரியது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கு இது புதிய போதனையன்று. 1975-இல் தொடங்கிய நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளரும், 4 பைசா மாநில அரசும் செலுத்துவது என்ற ஏற்பாடு அமைந்தது. கூலி கைக்கு வருமுன் பங்கு பிரிவதே அதன் சூட்சுமம். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவருக்கு மிஞ்சுவதில்லை. சேமித்தது போக மிஞ்சியதைச் செலவிடுவோம் என்பவருக்கே சேமிப்பு உண்டு.

மே மாத இறுதியில் கணக்கில் 456 ரூபாயேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களுக்காக அப்போதுதான் பிடிக்கப்படுகின்றன. 2022 ஜூன் முதல் இவை இத்தொகைகள். இருப்பு இல்லையேல் இரண்டு லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு நின்றுவிடும். ஜன்தன் கணக்கின் ரூபே அட்டைக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் விபத்துக்கு முந்திய 90 நாட்களுக்குள் ஒருமுறையேனும் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பெட்டியில் பூட்டிய அட்டை குடும்பத்தைக் காக்காது.

5. நோட்டுப் புத்தகமா, செயலியா?

வரவு செலவை எழுத இன்று பல செயலிகள் இருக்கின்றன. அவற்றில் சில நம் கைப்பேசிக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துத் தாமே கணக்கு எழுதுகின்றன. உழைப்பு மிச்சமே. ஆனால் நம் இருப்பையும் கடனையும் ஓர் அந்நியர் படிக்க இடம் தருகிறோம் என்பதை உணர வேண்டும். கணக்கு எழுதும் செயலி நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், அச்செயலி நமக்கு வேண்டாம். உடனடிக் கடன் தருகிறேன் என்று நடுவே வாசகம் காட்டும் செயலியும் வேண்டாம். சிக்கனம் கற்பிக்க வந்தது கடன் விற்கத் தொடங்கினால் அதன் வேலை வேறு.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். ஒரு பக்கத்தில் எட்டுப் பத்திகள் வரைந்துகொள்ளவும்: உணவு, வீடு, மின்சாரம், எரிவாயு, கல்வி, மருத்துவம், தொழில், மற்றவை. கைப்பேசியில் செலுத்தியதையும் ரொக்கமாகக் கொடுத்ததையும் இரவில் சேர்த்து எழுத வேண்டும். செயலிக்கு ரொக்கச் செலவு தெரியாது; நோட்டுப் புத்தகத்துக்கு இரண்டும் தெரியும். மாத இறுதியில் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டால், நாம் அறியாமல் பிடிக்கப்பட்ட கட்டணங்களும் வெளிப்படும். விவசாயி தம் தொழிற் செலவைத் தனியே எழுதுவது மிக முக்கியம். உரக் கடன் எது, வீட்டுக் கடன் எது என்று பிரித்தறியாத வீட்டில் எந்தப் பயிர் லாபம் தந்தது என்பது ஒருபோதும் தெரியாது.

இக்கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்த கணக்கு, அவர் நோயுற்ற நாளில் யாருக்கும் உதவாது.

6. ஜாக்கிரதை

ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே உரியது. பணம் பெறுவதற்கு அது வேண்டியதே இல்லை. “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்” என்று சொல்பவர் எவராயினும் அவர் வஞ்சகரே. வங்கியும் காவல்துறையும் ரகசிய எண்ணைக் கேட்பதில்லை. ஏமாற்றம் நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்நிமிடமே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் செய்த மோசடியைச் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவிப்பவர் மேல் இழப்புச் சுமத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் நெறி வகுத்தது. ஆனால் ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு நம்முடையதே என்றும் அந்நெறி கூறிற்று. தாமதமும் வெளிப்பேச்சும் நமக்கே நஷ்டம்.

அங்கத்தினர்களே! பணம் கண்ணுக்குத் தெரியாமற் போன காலத்தில் கணக்கே கண்ணாகும். நெய்தவரும் விளைத்தவரும் தம் உழைப்பின் பலனைத் தாமே அளந்து செலவிடும் நாளில்தான், சங்கத்துக்குக் கடன் கேட்டு வருபவர் குறைந்து, வைப்பு வைக்க வருபவர் பெருகுவர்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஆண்டில் உங்கள் குடும்பத்துக்கு வரவு வராத வாரங்கள் எத்தனை?
2. உங்கள் உண்மையான மாத வரவு எவ்வளவு? எவ்வாறு கணக்கிட்டீர்கள்?
3. உங்கள் கணக்கு சிறு கணக்கா, முழுக் கணக்கா? ஆதாரோடு இணைந்த கணக்கு எது?
4. களஞ்சியக் கணக்கு, அடுக்களைக் கணக்கு என்ற பிரிவினையில் உங்கள் குடும்பத்துக்கு வரும் இடையூறு யாது? அதற்குப் பரிகாரம் என்ன?
5. எழுதப் படிக்க அறியாத அங்கத்தினருக்கு மாதம் ஒருமுறை பாஸ்புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பை நம் சங்கத்தில் யார் ஏற்பது?

இவ்வினாக்களுக்கு விடை எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.